பாலைவனப் புகைபோக்கிக்கு ஈரக் கோணி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை எழுத நான் ஆசைப்படவில்லை. ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் ஒரு மளிகைக் கடையில் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது தமயந்தி என்னைப் பிடித்துக்கொண்டார். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு அவர்தான் ஆசிரியர். கோலாலம்பூர்க்காரர், மறுத்துப் பேச இடம் கொடுக்காதவர்.

“கௌரி, ஒரு கதை கொடுங்க. ஊர் ஞாபகம் மட்டும் வேணாம் லா, முப்பத்திரண்டு பேர் அதையே அனுப்பிட்டாங்க. இங்க நடக்கிறத எழுதுங்க. ஆறு பக்கம். ஏழாவது பக்கம் வந்தா வெட்டிடுவேன்.”

வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்த்தபடியே சரி என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தேன், இங்கே எனக்கு என்ன நடக்கிறது? ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் தட்டச்சு செய்கிறேன். வேலூரில் படித்தது எம்.ஏ. தமிழ். இங்கே அடிப்பது விலைப்பட்டியல், கடிதம், பெட்டியில் ஒட்டும் சீட்டு. தொழிற்சாலையில் செய்வது புகைபோக்கிச் சாமான்கள். தலையில் கவிழ்க்கும் தகர மூடி, உள்ளே விடும் குழாய், செங்கல் இடுக்கில் பூசும் சாந்துப் பொடி. இதில் கதை எங்கே வரும் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இந்தத் திங்கட்கிழமை பதினோரு மணிக்குத் தொலைபேசி அடித்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு, ஜூன் மாதம், வெளியே மழை. அந்த அழைப்பில் ஒரு கதை இருந்தது. நான் அதைப் பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள், அவ்வளவுதான்.

(பிறகு சேர்த்தது: மேலே உள்ள கடைசி வாக்கியத்தை அடித்துவிடலாம் என்று பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். அதை நான் எழுதினேன் என்பதும் உங்களுக்குத் தெரிய வேண்டும்.)

2

கதையை எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: “குணசீலன் தன் வாழ்நாளில் பாலைவனத்தைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் பாலைவனத்து மக்கள் தங்கள் புகைபோக்கியைப் பற்றி அவனிடம்தான்—”

நிறுத்திவிட்டேன். “அவன்” என்று எழுதக் கை வரவில்லை. நாற்பத்தாறு வயது மனிதர். மீசையில் பாதி நரை. எனக்கு அண்ணன் மாதிரி.

(அடிக்குறிப்பு: அவருடைய உண்மைப் பெயர் சோதிலிங்கம். கதையில் குணசீலன் என்று மாற்றியிருக்கிறேன். அவர் எனக்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார், தமிழ் படிப்பார், வேறு வழியில்லை.)

தொடக்கம் இரண்டு: “மழை பெய்துகொண்டிருந்தது.” ஆக்லாந்தில் ஜூன் மாதத்தில் இதையெல்லாம் ஒரு தகவல் என்று சொன்னால் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.

தொடக்கம் மூன்று: “செந்நிற மணல்வெளியின் நடுவே தனித்து நின்ற அந்த வீட்டின் புகைபோக்கி, வானத்தை நோக்கி நீட்டிய ஒரு—” ஒரு என்ன? விரல் என்று போட்டேன், பிடிக்கவில்லை. கேள்வி என்று போட்டேன், என்மேலேயே எரிச்சல் வந்தது. நானும் பாலைவனத்தைப் பார்த்ததில்லை. எம்.ஏ. படித்தவர்களிடம் இதுதான் கஷ்டம், பார்க்காததைத்தான் அழகாக எழுதத் தோன்றும்.

தொடக்கம் நான்கு: “குணசீலன் யாழ்ப்பாணத்தில் கட்டடத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்தவர். ஆக்லாந்துக்கு வந்து எட்டு வருடம் பெட்டி அடுக்கினார்.”

இதில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் முழுக்க உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன். எட்டு வருடமும் எங்கள் தொழிற்சாலையின் பின்பக்கக் கிடங்கில்தான் இருந்தார். போன வருடம் ஒரு நாள் சாந்துப் பொடியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்து, “உது வெடிக்கும்” என்று மேலாளர் பாரியிடம் சொன்னார். அந்தப் பொடியில் குழைத்த சாந்து பரிசோதனையில் விரிசல் விட்டு வெடித்தது. பாரி அதை மறக்கவில்லை. மார்ச் மாதம் தொழில்நுட்ப ஆலோசகர் வேலை காலியானபோது, மூன்று மாதம் செய்து பார்க்கட்டும் என்று குணசீலனைக் கிடங்கிலிருந்து அலுவலகத்துக்கு அழைத்துக்கொண்டார். முதல் நாள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேசையில் பென்சில்களை நீள வரிசைப்படி அடுக்கினார். அவருக்குத் தெரிந்த வேலை எட்டு வருடம் கழித்து அவரிடம் திரும்பி வந்திருந்தது. அந்தச் சந்தோஷம் பக்கத்து மேசை வரைக்கும் வந்தது.

3

தமயந்தி கேட்கப்போகும் கேள்வி எனக்குத் தெரியும். பாலைவனத்தில் எதற்குப் புகைபோக்கி?

நானும் கேட்டேன். குணசீலனுக்கு முதலில் கொடுத்த வேலையே ஒரு கையேடு தயாரிப்பதுதான். ஆஸ்திரேலியாவின் நடுவயிற்றில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கத்து வீடுகளுக்கு எங்கள் சாந்துப் பொடி போகத் தொடங்கியிருந்தது. வாங்குகிறவர்கள் தாங்களே கூரைமேல் ஏறிப் பழுது பார்ப்பார்கள். மூன்று மடிப்புத் தாளில் அவர்களுக்கு வழி சொல்ல வேண்டும். குணசீலன் நூலகத்துக்குப் போய் ஒரு வாரம் பாலைவனத்தைப் படித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுப் படம் போட்டுக் காட்டினார்.

பகலில் தலையைப் பிளக்கும் வெயில். ஆனால் அங்கே குளிர்காலமான ஜூன், ஜூலையில் இராக்குளிர் தண்ணீரை உறைய வைக்கும். அப்போது வீட்டுக்குள் விறகு எரித்தே ஆக வேண்டும். ஆக, அங்கேயும் புகைபோக்கி வேண்டும், அதுவும் நம்முடையதைவிட அதிகம் அடிபடும் புகைபோக்கி. பகல் சூட்டில் செங்கல் உப்புகிறது, குளிரில் சுருங்குகிறது. தினமும் இதே வேலை. செங்கலுக்கு நடுவில் உள்ள சாந்து எத்தனை நாள்தான் தாங்கும்? மாவாக உதிர்கிறது. மணற்காற்று அந்த இடுக்கைச் சுரண்டி அகலமாக்குகிறது. வருடத்தில் எப்போதோ ஒருமுறை கொட்டும் மழை நேராக அதற்குள் போகிறது. எட்டு மாதம் நெருப்பு எரியாததால் பறவைகள் உள்ளே கூடு கட்டிக் குடும்பம் நடத்துகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் புகைபோக்கி மாப்பிள்ளை மாதிரி நிற்கும். உள்ளே முழுக்க விரிசல். அதன் வழியாகப் புகை வீட்டுக்குள் வந்தால் ஆளையே கொல்லும்.

“புகை எண்டு மட்டும் நினையாதேங்கோ தங்கச்சி” என்றார். “மணமில்லாத நஞ்சும் அதுக்கை வரும். வடிவா எழுதவேணும்.”

பழுது பார்ப்பதற்கும் ஒரு வரிசை இருக்கிறது. உதிர்ந்த சாந்தைக் கட்டைவிரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுக்க வேண்டும். தூசியை ஊத வேண்டும். பிறகு செங்கலை நனைக்க வேண்டும், இல்லையென்றால் காய்ந்த செங்கல் புதுச் சாந்திலிருக்கிற தண்ணீரை எல்லாம் குடித்துவிடும். விடியற்காலையில்தான் பூச வேண்டும். சாந்தை நிழலில், ஒரு சட்டி ஒரு சட்டியாகத்தான் குழைக்க வேண்டும்.

பூசி முடித்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் எல்லாம் கெட்டது.

4

(இந்தப் பகுதியை வேகமாக எழுதினேன், செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு வேளையில். பக்கத்தில் ஒருவர் ‘பை’ என்கிற இறைச்சிப் பலகாரத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்.)

திங்கட்கிழமை அழைத்தவர் பெயர் டோரீன். பாலைவனத்தில் தன் தங்கையோடு இருக்கிறவர். ஏப்ரல் மாதம் அக்கா தங்கை இருவரும் கூரைமேல் ஏறி, எங்கள் கையேட்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து செய்திருக்கிறார்கள். சுரண்டினார்கள், ஊதினார்கள், நனைத்தார்கள், பூசினார்கள். கடைசி மடிப்பில் இருந்தபடி, ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக்கால் மூடி ஐந்து நாள் காய விட்டார்கள். ஜூன் மாதம் முதல் நெருப்பு மூட்டினார்கள். படுக்கையறைச் சுவரிலிருந்து புகை வந்தது. ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே ஓடினார்கள். பூனை மூன்று தடவை தும்மியது. புதுத் திரைச்சீலை கரியாகிவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம். மேலே ஏறிப் பார்த்தால் புதுச் சாந்து முழுக்கப் பொரித்த அப்பளம் மாதிரி நொறுங்கியிருந்தது.

டோரீன் கோபப்படவில்லை. அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நான் எந்தப் படியைத் தவறவிட்டேன்?

குணசீலன் கையேட்டை எடுத்து விரித்தார். கடைசி மடிப்பைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார், “நீங்கள் ஒன்றையும் தவறவிடவில்லை. தவறு எங்களுடையது. அடுப்பை அணைத்துவிடுங்கள்.”

வெயில் ஊரில் புதுச் சிமெண்டைக் காய விடக்கூடாது. இது வெயிலில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். கோணியை நனைத்து மேலே போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். (யாழ்ப்பாணத்தார் சாக்கு என்பார்கள், நாங்கள் கோணி.) தண்ணீர் இருந்தால்தான் அது இறுகும். ஆக்லாந்தில் நேரெதிர்: இங்கே மழை வந்து கரைத்துவிடாமல் மூடி வைப்பதே பெரும்பாடு. பாலைவனத்துக்குப் போன கையேட்டில் ஆக்லாந்துக்கான வரி இருந்தது. கோணி இல்லை.

குணசீலன் விற்பனைப் பட்டியலை எடுத்து, பொடி வாங்கிய பதினேழு வீட்டையும் அன்று மாலைக்குள் அழைத்து எச்சரித்து முடித்தார். ஒருவருக்கும் ஆபத்தில்லை. பிறகு பாரியின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது. கையேட்டை எழுதியது நீங்கள்தானே என்று பாரி கேட்டார். ஆமாம் என்றார் குணசீலன். பாரி கெட்டவர் இல்லை, கத்தவும் இல்லை. மூன்று மாதம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, பத்து மணிக்கு முடிவு சொல்கிறேன், கிடங்கில் உங்கள் இடம் அப்படியேதான் இருக்கிறது என்றார். நல்ல மனதோடு சொன்னதுதான். கேட்கத்தான் சகிக்கவில்லை.

குணசீலன் வெளியே வந்து பக்கத்து மேசைத் தட்டச்சுக்காரியிடம் சொன்னார்: “நான் மறந்திட்டன் போலை, தங்கச்சி. சாக்கை எழுத மறந்திட்டன். எட்டு வருசம் பெட்டி அடுக்கினா மண்டையுக்கையும் பெட்டிதான் இருக்கும்.”

தட்டச்சுக்காரி அச்சு இயந்திரத்தில் காகிதம் தீர்ந்துவிட்டதுபோல் எழுந்து போனாள்.

5

புதன்கிழமை. மேலே உள்ள நான்கு பகுதிகளையும் சாப்பாட்டு டப்பாவின் கீழ் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தபோது சோதிலிங்கம் அண்ணா அவற்றைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் பென்சில்.

“அடிக்குறிப்பிலை என்ர பேரைப் போட்டிட்டு, கதைக்குள்ளை மாத்தி என்ன பிரயோசனம்?”

“அத அச்சுல எடுத்துடுவேன், அண்ணா.”

“மீசையிலை பாதி நரை இல்லை. கால்வாசிதான்.” குறித்துக்கொண்டார். “பூனையைப் பற்றி அந்த மனுசி ஒண்டும் கதைக்கேல்லையே?”

“அது நான் சேத்துக்கிட்டேன். ரொம்ப சோகமாப் போயிடக் கூடாதுன்னு.”

“ஓம், நல்லாத்தான் இருக்கு. பூனை இருக்கட்டும்.” பக்கத்தைப் புரட்டினார். நான்காவது பகுதியில் பென்சில் நின்றது. நெற்றியைச் சுருக்கினார்.

“இந்த இடம் பிழை” என்றார்.

“எந்த இடம்?”

“குணசீலன் சாக்கை மறந்திட்டான் எண்டுறது. இதை ஒருத்தரும் நம்பமாட்டினம்.”

“ஆனா அண்ணா, அது நிஜமாவே நடந்துச்சே. நீங்கதானே சொன்னீங்க, மறந்துட்டேன்னு?”

“நான் மறந்தது வேறை. இது கதையெல்லோ.” பென்சிலால் மேசையைத் தட்டினார். “இந்த ஆளை நீங்கள் எப்பிடி எழுதியிருக்கிறியள்? பொடியைத் தேய்ச்சுப் பாத்தே வெடிக்கும் எண்டு சொல்லுறான். செங்கல்லை நனைக்கச் சொல்லுறான். விடியக் காலமை பூசச் சொல்லுறான். இவ்வளவும் தண்ணிக்காகத்தான் சொல்லுறான், விளங்குதோ? அப்பிடிப்பட்டவன் கடைசியிலை தண்ணி படாமல் மூடு எண்டு எழுதுவானோ? சாவகச்சேரியிலை நான் பள்ளிக்கூடச் சுவர் ஒண்டு கட்டுவிச்சனான், சித்திரை வெயில். சாப்பிட மறந்திருக்கிறன். சம்பளம் எடுக்கவே ஒருக்கா மறந்தனான். சாக்கு நனைக்க ஒருநாளும்—”

அங்கே நிறுத்தினார். தான் சொன்னது தனக்கே கேட்டுவிட்டது போலிருந்தது. முகத்தில் ஒரு குழப்பம். பிறகு, அது தன்னைப் பற்றியது இல்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு தலையை ஆட்டினார்.

“எனக்கு வயசு போச்சுது. ஆனா குணசீலனுக்கு உப்பிடிச் செய்யாதேங்கோ. வேறை காரணம் ஒண்டு கண்டுபிடியுங்கோ.”

தாள்களை அடுக்கி என் டப்பாவின் கீழேயே வைத்தார். பிறகு, பாவி மனிதர், என் கறியைப் பார்த்து, “கத்தரிக்காயோ? நல்ல மணம்” என்றார்.

6

வேறு காரணம் என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது.

ஒன்பது தாள், பென்சிலில் எழுதியது, மார்ச் மாதத்தியது. ஒன்பதாவது தாளின் நடுவில், அவருடைய உருண்டையான இங்கிலீஷ் எழுத்தில் இப்படி இருக்கிறது: “வேலை முடிந்தவுடன் சாக்குகளை நனைத்துப் புகைபோக்கியைச் சுற்றிக் கட்டவும். ஐந்து நாள், காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றவும். சாக்கு ஒருபோதும் காயக் கூடாது.” ஒருபோதும் என்பதன் கீழே இரண்டு கோடு.

அதை வெட்டியது நான்.

எப்படி என்று சொல்கிறேன். பழைய ஆக்லாந்துக் கையேட்டைக் கணினியில் திறந்து, அண்ணா எழுதியதை அதன்மேல் ஒவ்வொன்றாக ஏற்றினேன். கம்பெனிச் சின்னம் பெரிதாக இருக்க வேண்டும் என்று பாரி சொல்லியிருந்தார். கடைசி மடிப்பில் இரண்டு வரி மிஞ்சியது. எதையாவது எடுக்க வேண்டும்.

அங்கே “எங்கள் பொருளைத் தேர்ந்தெடுத்தமைக்கு மிக்க நன்றி” என்று ஒரு வரி இருந்தது. அதை எடுத்திருக்கலாம், பாலைவனத்தில் ஒருவரும் அதைத் தேடியிருக்க மாட்டார்கள். இதை இந்த இரண்டு நாளாக நூறு தடவை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் எடுத்தது கோணியை. காரணம் இடப் பற்றாக்குறை அல்ல. கூச்சம்.

கோணி என்று பார்த்ததுமே கூசியது. பளபளப்பான தாள், வண்ணப் படம், நடுவில் ஈரக் கோணி. வெள்ளைக்காரர்கள் படித்துவிட்டு, இதை யாரோ ஆசியாக்காரன் எழுதியிருக்கிறான் என்று சிரிப்பார்கள் என நினைத்தேன். இத்தனைக்கும் வேலூரில் எங்கள் வீடு கட்டும்போது தினமும் காலையில் கோணிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் நான் கல்லூரிக்குப் போனேன். எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்ததனால்தான் கூச்சம். இங்கு வந்து ஒன்றரை வருடமாக நான் இதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவைப் பாதி திறந்து சாப்பிடுவேன், பெயரைக் கோரி என்று கூப்பிட்டாலும் திரும்புவேன். அண்ணாவின் கோணியையும் அந்தக் கணக்கிலேயே மறைத்துவிட்டேன். அதோடு பழைய கையேட்டின் பிளாஸ்டிக் வரி அடியில் அப்படியே தங்கிவிட்டது. அதை நான் கவனிக்கவே இல்லை.

அச்சுக்குப் போகுமுன், ஒருதரம் பார்க்கிறீர்களா என்று அண்ணாவிடம் கேட்டேன். “நீங்கள் பாத்தனீங்கள் தானே? அப்ப சரி” என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது அண்ணா என்றேன்.

திங்கட்கிழமை, மறந்துவிட்டேன் போல என்று அவர் சொன்னபோதே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. என் வேலையே தற்காலிகம், பயந்தேன். அதற்குப் பதிலாகக் கதை எழுதத் தொடங்கினேன். ஒருவர் மறந்துபோனதைப் பற்றி நகைச்சுவையோடு ஆறு பக்கம் எழுதிவிட்டால், அவர் மறந்துதான் போனார் என்று எனக்கே நம்பிக்கை வந்துவிடும் அல்லவா? நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பூனையைக்கூடத் தும்ம வைத்தேன். என் முதல் வாசகர் படித்துவிட்டு, இந்த ஆள் மறக்கமாட்டான், கதை பிழை என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து மேசையிலிருந்து பார்த்தவள் மட்டும் என்று முதல் பகுதியில் எழுதினேன். அது பொய்.

7

வியாழக்கிழமை காலைத் தேநீர் வேளை. ஆறாம் பகுதியையும் பென்சில் தாளையும் சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வாயால் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை “அண்ணா” என்று ஆரம்பித்தேன். மூன்று தடவையும் அவர் “சொல்லுங்கோ” என்றார். மூன்று தடவையும் சர்க்கரை வேண்டுமா என்று கேட்டேன். தேநீர் பாகாகிவிட்டது.

அவர் மெதுவாகப் படிப்பவர். உதடு அசையும். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு விதிகளைப் படித்தேன், ஏழு விதி. திரும்பிப் பார்த்தேன். கையெழுத்துத் தாளை அவர் ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“அப்ப நான் எழுதினனான்” என்றார்.

“ஆமா அண்ணா.”

“நான் எழுதினனான்!” இந்தத் தடவை கிடங்குக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி. “ரெண்டு தரம் கோடு போட்டிருக்கிறன், பாருங்கோ! ஒருபோதும்! பாருங்கோ தங்கச்சி!”

என்னிடமே காட்டினார். அதை வெட்டியவளிடமே. சிரித்தார், கண் கலங்கியது, மூக்கைச் சிந்தினார், மறுபடி தாளைப் பார்த்தார். மூன்று நாளாக அந்த மனிதர் தன் மண்டைக்குள் என்ன மிச்சம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து தொடக்க வாக்கியம் தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்தது.

“அண்ணா, என்னை மன்னிச்சிடுங்க. நான்—”

“பொறுங்கோ. உங்களிலை எனக்குக் கோவம் இருக்கு. நல்ல கோவம். அது பிறகு.” கையை உயர்த்தித் தடுத்தார். “இப்ப சந்தோசமா இருக்கிறன், குழப்பாதேங்கோ.”

பாகுத் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

8

வியாழக்கிழமை மதியம். தமயந்தி மாலையில் வந்து கதையை வாங்கிப் போவதாகச் சொல்லியிருக்கிறார். ஐந்தாம் பக்கம் தாண்டிவிட்டது. முடிவு வேண்டும். மூன்று எழுதி அண்ணாவிடம் கொடுத்தேன்.

முடிவு ஒன்று: வெள்ளிக்கிழமை பாலைவனத்திலிருந்து டோரீன் அழைக்கிறார். அந்தத் தொழில்நுட்ப ஆலோசகரைப் போல் நேர்மையான ஆளை நான் கண்டதில்லை என்கிறார். பாரி மனம் மாறி வேலையைக் கொடுக்கிறார்.

“அந்த மனுசிக்கு வேறை வேலை இல்லையோ?” என்றார். “இன்னும் புகைபோக்கியே திருத்தேல்லை.”

முடிவு இரண்டு: குணசீலன் கிடங்குக்குத் திரும்புகிறார். பெட்டிகளை அடுக்குகிறார். ஆனால் தலை நிமிர்ந்து—

“இல்லை. நான் தலை நிமிர்ந்து பெட்டி அடுக்கமாட்டன். முதுகு பிடிக்கும். எனக்கு அந்த மேசை வேணும், தங்கச்சி. வடிவாச் சொல்லுறன், எனக்கு அந்த மேசை வேணும்.”

முடிவு மூன்று: தட்டச்சுக்காரி ஒரு கதை எழுதி உண்மையை உலகத்துக்குச் சொல்கிறாள். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. உண்மையைச் சொல்லத்தானே இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன்? எதையும் மறைக்கவில்லை. கூச்சத்தைச் சொன்னேன், பயத்தைச் சொன்னேன், பொய்யைப் பொய் என்று சொன்னேன். இதற்குமேல் ஒரு எழுத்தாளர் என்ன செய்ய முடியும் என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அண்ணா அதை இரண்டு தடவை படித்தார். தாளை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

“நல்ல தமிழ்” என்றார். “ஆனா பாரிக்குத் தமிழ் தெரியாதே.”

தாளை வாங்கிக்கொண்டேன்.

“இந்தக் கட்டடத்திலை இதை வாசிக்கக்கூடிய ஆள் நான் ஒருத்தன்தான். எனக்கு நீங்கள் சொல்லிப்போட்டியள். அது காணும், போதும். மலரிலை போடுங்கோ, ஆக்கள் சிரிப்பினம், நல்லது. இப்ப இதை இங்கிலீஷிலை, ஒரு பக்கத்திலை, பாரிக்கு எழுதுங்கோ.” சற்று நிறுத்தி, “பூனை வேண்டாம்” என்றார்.

9

ஆகவே வாசகரே, இந்தக் கதையின் முடிவு இந்தக் கதையில் இல்லை. அது என் கணினியில் இங்கிலீஷில் இருக்கிறது. “அந்த வரியை வெட்டியது நான்.” இதைச் சொல்லத் தமிழில் எனக்கு ஆறு பக்கம் ஆயிற்று. இங்கிலீஷில் நான்கே சொல்லில் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே நான் என்ன எழுதினேன் என்பது எனக்கும் பாரிக்கும் இடையில் இருக்கட்டும். இணைப்பு: கையெழுத்துத் தாள், ஒன்பதாவது.

பாரியின் அறை என் மேசையிலிருந்து இருபது அடி. கதவு திறந்திருக்கிறது. அவர் இருக்கிறார், ஏதோ உறையைப் பிரிக்கிற சத்தம் கேட்கிறது. அண்ணா தன் மேசையில் பென்சில் சீவுகிறார், நான் எழுந்திருக்கிறேனா இல்லையா என்று பார்க்காத மாதிரி. அச்சு இயந்திரத்திலிருந்து என் ஒரு பக்கம் வந்துகொண்டிருக்கிறது. வெளியே தமயந்தியின் கார், வண்டி நிறுத்தும் இடத்துக்குள் திரும்புகிறது. மலருக்கான பிரதியை முதலில் அவரிடம் கொடுத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகப்போகிறேன். இல்லையென்றால் திரும்பி வந்து அந்த இருபது அடியையும் அழகுபடுத்தி எழுதத் தொடங்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும்.

நாளை பத்து மணிக்கு என்ன நடக்கும் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணாவுக்கு அந்த மேசையைக் கொடுங்கள், கொடுக்க மனம் வரவில்லையென்றால் அதற்குக் காரணம் சொல்லுங்கள். என்னை வேலையிலிருந்து எடுத்தாலும் சரி, நான் வேறு தட்டச்சு வேலை பார்த்துக்கொள்வேன். பாரியை நல்லவராகவோ கடுமையானவராகவோ ஆக்குங்கள். பூனைக்கு ஒரு பெயர் வைத்தாலும் ஆட்சேபம் இல்லை. ஆறு பக்கத்துக்குள் அடங்கவில்லையென்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். சோதிலிங்கம் மறக்கவில்லை. அவர் எழுதியிருந்தார், இரண்டு கோடும் போட்டிருந்தார்.